விலைக்குப் போகாத இறக்கை

பாளையங்கோட்டை
ஆனி 29

அன்புள்ள சுடலைமுத்து,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கல்லூரியில் புராஜெக்ட் வைவா நடந்தது என்று சாக்குச் சொல்லலாம். அது முடிந்தே பத்து நாள் ஆயிற்று. சோம்பல்தான். நேற்று ராத்திரி கரண்ட் போய்விட்டது. மேற்கே இருந்து சாரல் காற்று ஜன்னல் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஆனித் தேரோட்டத்துக்கு நீ வராமல் எத்தனை வருஷம் ஆயிற்று என்று இருட்டில் விரல்விட்டு எண்ணினேன். இரண்டு கையும் பத்தவில்லை. சரி, இனியும் தள்ளக் கூடாது என்று இன்று உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா சௌக்கியம். முழங்கால் வலி உண்டு, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. உன் சின்னவன் வேலைக்குச் சேர்ந்ததைச் சொன்னேன். "அப்பனை மாதிரிக் குப்பைக்குள்ள கிடக்காம இருந்தாச் சரி" என்றாள். கோபித்துக்கொள்ளாதே. அவள் மகனும் இப்போது குப்பைக்குள்தான் கிடக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது.

எம்.இ. படிக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த வருஷம் நான் கைடு. கயத்தாறு பக்கத்துக் கிராமம். அப்பாவுக்குக் கொஞ்சம் கரிசல் காடு, சுற்றிலும் காற்றாலை. தலைப்பை அவளே கொண்டுவந்தாள். கழற்றிப் போட்ட காற்றாலை இறக்கையைத் தூளாக்கிக் கான்கிரீட்டில் சேர்ப்பது. எனக்கு முதலில் பிடிக்கவில்லை. இத்தனை வருஷமாக எங்கள் டிபார்ட்மென்டில் இதே வாய்ப்பாடுதான். ஏதாவது ஒரு கழிவை எடு, சிமெண்டுக்கோ மணலுக்கோ பதிலாகப் பத்து, இருபது, முப்பது சதவீதம் கல, க்யூப் போடு, 28 நாள் தண்ணீரில் ஊறவை, மெஷினில் வைத்து உடை, கிராஃப் வரை. சிரட்டை, உமிச் சாம்பல், முட்டை ஓடு, டயர் தூள் எல்லாம் பார்த்தாயிற்று. காப்பர் ஸ்லாக், அதாவது செம்பு உருக்கும்போது மிஞ்சுகிற கசடு, அது மட்டும் எங்கள் அலமாரியில் பதினோரு ஆய்வேடு இருக்கிறது. ஜல்லி, மணலுக்கான ஐ.எஸ். 383 தரவிதியில் 2016இல் அதற்கு இடமும் கொடுத்தார்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டில் மணலுக்குப் பதில் 35 சதவீதம் வரை போடலாம் என்று. இரண்டே வருஷத்தில் தூத்துக்குடி செம்பு ஆலை மூடியது. ஏன் மூடியது, என்ன விலை கொடுத்து மூடியது என்பது உனக்குத் தெரியும். அந்தப் பதினோரு ஆய்வேட்டில் ஒன்றில்கூட, ஸ்லாக் வருவது நின்றுபோனால் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது. ஆறு ஏட்டில் என் கையெழுத்து இருக்கிறது.

அதனால்தான் இழுத்தடித்தேன். பிள்ளை விடவில்லை. "ஒரு தடவை வந்து பாருங்க சார்" என்றாள். போனேன்.

அது பழைய 250 கிலோவாட் மெஷின்கள் நின்ற இடம். நாம் பைக்கில் கோவில்பட்டி போகும்போது சுற்றிக்கொண்டிருக்குமே, அதே வரிசைதான். இப்போது வருகிற ஒரு மெஷின் அந்த மாதிரி எட்டு பத்து மெஷினுக்குச் சமம். 20 வருஷம் தாண்டிய காற்றாலைகளைப் புதுப்பிக்க 2024இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. ஆகவே பழசு இறங்குகிறது. கோபுரம் போய்விட்டது. இறக்கை மட்டும் ஓடை ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது. ஒவ்வொன்றும் பதிமூன்று பதினாலு மீட்டர் இருக்கும். அதன் நிழலில் நாலு வெள்ளாடு அசை போட்டுக்கொண்டிருந்தது. நடுவில் சுற்றுகிற குடத்தோடு முறுக்குகிற தடித்த அடிப்பக்கம் குழாய் மாதிரி பொள்ளலாக இருந்தது. அதற்குள் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. நான் எட்டிப் பார்த்ததும் உறுமியது. அதன் வீடு, அது உறுமும்.

கட்டிங் மெஷின் வைத்து ஒரு முழம் அறுத்தோம். ஏலே, அந்தத் தூசியைப் பற்றி நான் உனக்கு எழுதியே ஆக வேண்டும். கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிய சாமான் அது. அறுக்க அறுக்க வெள்ளையாகப் புகைந்து சட்டைக்குள், கழுத்துக்குள், முழங்கை மடிப்புக்குள் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து மூன்று தடவை குளித்தேன். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். இரண்டு நாள் அரிப்பு நிற்கவில்லை. பிள்ளை மாஸ்க், கையுறை எல்லாம் போட்டு வந்திருந்தாள். நான்தான் பேராசிரியராயிற்றே, அரைக்கைச் சட்டையோடு போனேன்.

உன் பிளாஸ்டிக் சரக்கு மாதிரி இது உருகாது. ஒரு தடவை இறுகிய பிசின் பிறகு இளகாது, சூடேற்றினால் கருகும். உலகம் பூராவும் இதுதான் தலைவலி.

பக்கத்து ஊரில் இரும்புக் கடை அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தோம். கோபுரத்தை எடுத்ததே அவர்தானாம். "டவர் போச்சு. கியர்பாக்ஸ் போச்சு. ஜெனரேட்டர்ல செம்பு இருக்கு, அதுக்கு அடிதடியே நடந்துது. இந்த றெக்கையை யாரு வாங்குவா? லாரி வாடகையும் குடுத்து, எங்க கொட்டணும்னும் சொல்லுங்க, எடுத்துட்டுப் போறேன்" என்றார். பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு அங்கேதான் உறைத்தது. அவள் ஆய்வேட்டு வரைவில் செலவுக் கணக்கு என்று ஓர் அட்டவணை. சிமெண்டு ஒரு விலை, எம்-சாண்ட் ஒரு விலை, இறக்கைத் தூளுக்கு நேரே பூஜ்யம். நான் அதைப் படித்து, ஓரத்தில் ஒரு டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து என் சொந்த ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். நிலக்கரிச் சாம்பல், அதாவது ஃப்ளை ஆஷ் பற்றியது. அதிலும் சாம்பலுக்கு நேரே பூஜ்யம்தான்.

அந்தப் பூஜ்யம் அப்போது பொய் இல்லை. 1996-97இல் நாட்டில் விழுந்த சாம்பலில் பத்தில் ஒரு பங்குகூட யாரும் எடுக்கவில்லை. அனல் மின் நிலையங்கள் 'வந்து அள்ளிக்கொண்டு போங்கப்பா' என்று கெஞ்சிய காலம். 1999 செப்டம்பரில் மத்திய அரசு ஆணை போட்டது. அனல் மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் சுடுகிற செங்கல்லில் குறைந்தது 25 சதவீதம் சாம்பல் இருக்க வேண்டும். 2003இல் அந்த 50ஐ 100 ஆக்கினார்கள். தூத்துக்குடியிலிருந்து நம் ஊர்ச் சூளை எல்லாம் அதற்குள் வந்துவிட்டது. உங்க அப்பா என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "சாம்பலைப் போட்டுச் செங்கலா? அதுக்குச் சுடுகாட்டிலேயே சூளை வச்சிரலாம்." அவர் சூளையை மூடியது வேறு காரணங்களால்தான், மண் கிடைக்காதது, ஆள் கிடைக்காதது. ஆனாலும் அந்த வாக்கியத்தை நான் வகுப்பில் வருஷாவருஷம் சொல்கிறேன்.

அப்புறம் என் மச்சான் சாம்பல் செங்கல் கூடம் வைத்த கதை. உனக்கு முழுதும் சொன்னதில்லை. சொன்னால் நான்தான் யோசனை கொடுத்தேன் என்பதும் வெளியே வந்துவிடும். சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம், குவாரித் தூள், ஒரு பிரஸ் மெஷின். நெருப்பே கிடையாது, அச்சடித்துத் தண்ணீர் தெளித்தால் சுண்ணாம்பும் சாம்பலும் சேர்ந்து தானாக இறுகும். சாம்பல் சும்மா, லாரி வாடகை மட்டும். ஐந்தாறு வருஷம் நன்றாக ஓடியது. ஆனால் சாம்பல் நல்ல சாமான் என்று அவன் கண்டுபிடித்ததையே சிமெண்டு ஆலைகளும் கண்டுபிடித்திருந்தன. பி.பி.சி. என்கிற சாம்பல் கலந்த சிமெண்டு மூட்டையில் 35 சதவீதம் வரை சாம்பல் போடலாம். சிமெண்டாக அரைக்கிற கிளிங்கர் கட்டியைச் சுட்டு எடுப்பதைவிடச் சாம்பலைக் கலப்பது எத்தனை மலிவு! பெரிய பெரிய பல்க்கர் லாரி வந்து உலர் சாம்பலை உறிஞ்சிக்கொண்டு போக ஆரம்பித்தன. சாம்பலுக்கு விலை வந்தது. 2009 ஆணையில், உலர் சாம்பலில் குறைந்தது 20 சதவீதத்தைச் செங்கல் கூடங்களுக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. அதற்குள் கூடங்கள் பெருகியிருந்தன. வரிசையில் நின்று நின்று அவனுக்கு வெறுத்துவிட்டது. குளத்தில் கொட்டிய ஈரச் சாம்பலை அள்ளி வந்து போட்டான். கல் விளிம்பு உதிர்ந்தது. ஒரு காம்பவுண்டுச் சுவர்க்காரர் பாதிப் பணம்தான் கொடுத்தார். கடைசியில் பிரஸ் மெஷினை எடைக்குப் போட்டான்.

அது உருகிக் கம்பியாகி எந்தத் தூணுக்குள் நிற்கிறதோ.

இதைச் சொல்லும்போது வைவாவில் நடந்தது ஞாபகம் வருகிறது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் மேலாண்மையும் கொஞ்சம் படித்தவர். "ஒரு தொழிலைப் புதுசு ஒன்று வந்து கவிழ்ப்பது பற்றிச் சொல்லுங்கள்" என்று அவளைக் கேட்டார். அவள் மொபைல், கேமரா ஃபிலிம் என்று ஏதோ சொன்னாள். எனக்கு வாய் நமநமவென்றது. இந்த விஷயத்தை 1990களில் பேசிப் பேர் வாங்கிய அமெரிக்கப் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்றே பழைய இரும்புதான். அமெரிக்காவில் சின்ன உருக்காலைகள் ஓட்டை உடைசலை மின் உலையில் உருக்கின. முதலில் கட்டடக் கம்பி மட்டும்தான் வந்தது. அதுதான் இருப்பதிலேயே மட்டமான சரக்கு, லாபமும் கம்மி. பெரிய ஆலைகள் 'அதை வைத்துக்கொள்ளட்டும்' என்று விட்டுக்கொடுத்தன. பிறகு ஆங்கிள் போயிற்று, பீம் போயிற்று. 1989இல் நியூகோர் என்ற அப்படி ஒரு கம்பெனி தகடே வார்த்தது. கீழே இருந்து வந்து மேலே இருப்பவரை நகர்த்துவது என்பது இதுதான்.

நான் இத்தனை வருஷம் இதைக் கைதட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் என் மச்சானும் கீழே இருந்துதான் வந்தான். சூளையை அவன் நகர்த்தினான் என்றே வைத்துக்கொள். அவனை நகர்த்தியவர்கள் கீழே இருந்து வரவில்லை. கழிவு சும்மா கிடைக்கும்போது உள்ளே வருகிறவன் கையில் காசில்லாதவன். அவன் அதை உபயோகப்படுத்திக் காட்டியதுமே அதற்கு விலை வருகிறது. விலை வந்ததும் அவனால் வாங்க முடிவதில்லை. எங்கள் கிராஃப்களில் 28 நாள் வலு இருக்கும், இது இருக்காது.

உன் பிழைப்பும் இதில்தான் வருகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வாசுதேவன் சார் பிளாஸ்டிக் ரோடு போட்டதை நான் போய்ப் பார்த்துவந்து உனக்கு எழுதினேனே. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் நறுக்கிய கவரைத் தூவினால் உருகிப் பூச்சாகப் படியும், பிறகு தார். எளிமையான வேலை. ஒற்றைத் தடச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் பிடிக்கும் என்பார்கள். அந்த ஒரு டன் காய்ந்திருக்க வேண்டும், மண் இருக்கக் கூடாது, பி.வி.சி. ஒரு துண்டுகூடக் கலக்கக் கூடாது, சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு கிளம்பும். பாலிதீன் எது, பி.வி.சி. எது என்று நீ விரலால் சுண்டிச் சத்தம் கேட்டே சொல்வாயே, அந்தக் கூலி எந்த ஆய்வேட்டிலும் இல்லை. உன் கடையில் ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை கிலோ தரம் பிரிப்பார், அதற்கு என்ன கொடுக்கிறாய் என்று எழுது. பெயர் போடமாட்டேன்; அவள் அட்டவணையில் ஒரு வரியாகப் போக வேண்டும்.

தாராவி 13ஆம் காம்பவுண்டில் உன் கடைக் கதவில் மறுசீரமைப்புக் கணக்கெடுப்புக்காரர்கள் எண் எழுதிவிட்டுப் போனார்கள் என்று எழுதியிருந்தாயே, அப்புறம் யாராவது வந்தார்களா? 2000க்கு முன்னாலிருந்தே அந்த இடம் நடந்தது என்பதற்கு உன் சித்தப்பா பெயரில் கரண்ட் பில் இருக்குமே, தேடிப்பார். லாமினேட் செய்யாதே, அசலை அப்படியே வை.

சொல்ல மறந்துவிட்டேன். 2024 டிசம்பரில் கேரள ஆஸ்பத்திரிக் கழிவை நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டிவிட்டுப் போனது உங்கள் பக்கம் செய்தியில் வந்திருக்கும். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளத்துக்காரர்களே லாரி கொண்டுவந்து அள்ளிப் போனார்கள். அன்றைக்கு அண்ணாச்சி சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? லாரி வாடகையைக் கொடுத்து, 'எங்க கொட்டணும்' என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

பிள்ளைக்கு வைவாவில் திருத்தங்களோடு பாஸ். அட்டவணையைத் திருத்தச் சொன்னது நான்தான். அறுக்கிற கூலி, அரைக்கிற கரண்ட், மாஸ்க், லாரி எல்லாம் சேர்த்தால் அவள் தூள் மணலைவிட விலை கூடிவிட்டது. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "சார், அப்போ இறக்கையை எடுத்துக்கிறதுக்கு மெஷின் ஓனர் எவ்வளவு தரணும்னு கணக்குப் போட்டுட்டேன்" என்று ஒரு தாளை நீட்டினாள். அந்தத் தாளின் ஜெராக்ஸ் இதோடு இருக்கிறது. நீ பார்த்து எங்கே இடிக்கிறது என்று சொல்.

உன் மைத்துனன் வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறான். உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ கொடுத்திருக்கிறேன். கூடவே செய்தித்தாளில் சுற்றி ஒரு இறக்கைத் துண்டும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பையில் வைக்காதே என்று அவனிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். வெறுங்கையால் எடுக்காதே. உன் பழக்கப்படி கொளுத்தி மோந்து பார்க்கவும் வேண்டாம்.

உன்,
கணபதி