கப்பல் பின்னோக்கிப் போனது கோளாறால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜெர்மனியின் பாப்பன்பர்க் ஊரிலிருந்து எம்ஸ் ஆற்றின் வழியே கடலுக்குப் போகும் புதிய சொகுசுக் கப்பலின் படம் தங்கள் நாளிதழில் வந்திருந்தது. இரு பக்கமும் புல்வெளி, மேயும் மாடுகள், நடுவே அடுக்குமாடிக் கட்டடம் போல வெள்ளைக் கப்பல். ‘ஆற்றில் சிக்கிய கப்பலை இழுவைப் படகுகள் பின்னோக்கி இழுத்து மீட்கின்றன’ என்று படத்துக்குக் கீழே அச்சிட்டிருந்தீர்கள். அந்தக் கப்பல் எங்கும் சிக்கவில்லை. அங்கே கட்டும் பெரிய பயணிகள் கப்பல்கள் பின்பக்கத்தை முன்னே விட்டுத்தான் ஆற்றில் இறங்குகின்றன. கடலே பார்க்காத நம் மாவட்டப் பிள்ளைகள் அச்சில் வந்ததை அப்படியே நம்புவார்கள். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறோம்.

பெரிய பொருளைச் சின்ன வழியில் கொண்டுபோவது எவ்வளவு பாடு என்று கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2019-ல் 240 டயர் பூட்டிய லாரியில் கோதண்டராமர் சிலை நம் மாவட்டத்தைத் தாண்டி பெங்களூரு போனதை ஊரே திரண்டு பார்த்தது. பாலம் பாரம் தாங்காது என்று பக்கத்தில் மண்பாதை போட்டார்கள். சூளகிரிப் பக்கம் மழையில் அந்தப் பாதை கரைந்து வண்டி நாள்கணக்கில் நின்றது. லாரியும் சிலையும் நன்றாகவே இருந்தன, கீழே இருந்த பாதைதான் காலை வாரியது. எம்ஸ் ஆற்றிலும் கவலை முழுக்கப் பாதையைப் பற்றித்தான். அங்கே பாதை என்பது தண்ணீர். அதைச் சில மணி நேரத்துக்கு மட்டும் ‘போட்டு’, கப்பல் தாண்டியதும் எடுத்துவிடுகிறார்கள்.

மெயர் வெர்ஃப்ட் என்ற அந்தக் கப்பல் தளம் 1795-ல் தொடங்கியது. மரக்கப்பல் கட்டிய காலத்தில் அந்த ஆறு தாராளமாகப் போதும். இன்று அங்கே கட்டும் கப்பல்களில் சில 340 மீட்டர் நீளத்தையும் தாண்டுகின்றன, அகலம் 42 மீட்டரைத் தொடுகிறது. 2018-ல் வந்த ‘ஐடாநோவா’ 337 மீட்டர். 2014-ல் வந்த ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’ 348 மீட்டர். மழையும் பனியும் படாமல் கூரைக்குள்ளேயே கட்டுகிறார்கள். பெரிய கொட்டகையின் நீளம் 504 மீட்டர், அகலம் 125, உயரம் 75. கட்டி முடித்ததும் தளத்துக்குள் தண்ணீர் விட்டு மிதக்க வைக்கிறார்கள். அதுவரை எளிது. கடல் வரையிலான ஆற்றுப் பாதைதான் சோதனை.

ஆற்றை 1990-களில் ஆழப்படுத்தியபோது, 7.3 மீட்டர் மிதப்பாழம் உள்ள கப்பல் போகலாம் என்ற அளவுக்குத் தோண்டினார்கள். மிதப்பாழம் என்பது தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் அளவு, கப்பல்காரர்கள் ‘டிராஃப்ட்’ என்பார்கள். அடுத்தடுத்து வந்த கப்பல்களுக்கு 8.5 மீட்டர் வரை வேண்டியிருந்தது. மேலும் தோண்டுவதற்குப் பதிலாக 2002-ல் காண்டர்ஸம் என்ற இடத்தில் ஆற்றின் குறுக்கே ஒரு கதவணை கட்டி முடித்தார்கள். 476 மீட்டர் நீளம், ஏழு திறப்புகள். அவற்றில் பெரிய கப்பல் போகும் திறப்பு 60 மீட்டர்.

நம் கே.ஆர்.பி. அணை மேலிருந்து வரும் தென்பெண்ணை நீரைப் பிடிக்கிறது. காண்டர்ஸம் கதவணை கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறிவரும் ஓதத்தைப் பிடிக்கிறது. ஓதம் என்பது கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது. புயல் காலத்தில் கடல் உள்ளே வராமல் தடுப்பது அதன் முதல் வேலை. கப்பல் போகும் நாளில் அதே கதவுகளை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஓதம் ஏறி உச்சத்தை எட்டும் நேரத்தில் கதவுகளை மூடிவிட்டால், ஏறிய நீர் திரும்பிப் போக வழியில்லை. மேலே ஹெர்ப்ரும் என்ற இடத்தில் ஒரு தடுப்பணை இருக்கிறது. ஓதம் அதற்கு மேல் ஏறாது. ஆக, இரண்டுக்கும் நடுவில் ஆறு நீண்ட தொட்டியாகிவிடுகிறது. மேலிருந்து வரும் ஆற்றுநீர் அதை நிரப்புகிறது. அது போதாத நாளில் கதவணையிலுள்ள பம்புகள் கடல் பக்கத்து நீரை உள்ளே தள்ளுகின்றன. கடல்மட்ட அளவுகோலுக்கு மேல் 2.70 மீட்டர் வரை இப்படி நீரை நிறுத்தலாம்.

தொட்டி நிரம்பியதும் அளவு பார்ப்பது அங்குலக் கணக்கில். இந்தப் பகுதியைத்தான் பத்திரிகைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

கப்பலைத் தேவையான மட்டும் இலேசாக்குகிறார்கள். நீச்சல் குளங்கள் காலி, எண்ணெயும் நன்னீரும் வேண்டிய அளவுதான், பேலஸ்ட் தொட்டிகளில் கப்பலை நேராக நிறுத்தத் தேவையான நீர் மட்டும். பயணிகள் கிடையாது. அப்படியும் ஆற்றுநீர் கடல்நீரைவிட இலேசானது. ஒரு கன மீட்டர் கடல்நீர் 1,025 கிலோ, ஆற்றுநீர் 1,000 கிலோ. எட்டு மீட்டர் மூழ்கும் கப்பல் நன்னீரில் 15 முதல் 20 செ.மீ. கூடுதலாக இறங்கும். அடுத்தது சாய்வு. 42 மீட்டர் அகலக் கப்பல் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் தாழும் பக்கத்தின் அடிவிளிம்பு ஏறக்குறைய 37 செ.மீ. கீழே போய்விடும். கண்ணுக்குத் தெரியாத சாய்வு, ஆனால் சேற்றில் உட்கார வைக்க அது போதும். அதனால் புறப்படுமுன் முன், நடு, பின் என்று இரு பக்கமும் ஆறு இடங்களில் மிதப்பாழக் குறிகளைப் படித்து, பேலஸ்ட் நீரை மாற்றி மாற்றிச் சரிசெய்கிறார்கள்.

மூன்றாவதாக வேகம். குறுகிய வாய்க்காலில் கப்பல் நகரும்போது முன்னால் இருக்கும் நீர் பக்கவாட்டு இடுக்கு வழியே பின்னால் ஓட வேண்டும். நீர் வேகமாக ஓடினால் அதன் அழுத்தம் குறையும், கப்பல் கீழே அமுங்கும். இதை ‘ஸ்குவாட்’ என்பார்கள். எளிய கணக்கு ஒன்று உண்டு: ‘நாட்’ கணக்கில் உள்ள வேகத்தை (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) வர்க்கமாக்கி, கப்பலின் நீரடி உடல் எவ்வளவு பருத்தது என்று காட்டும் வடிவக் கெழுவால் பெருக்கி, 50-ஆல் வகுத்தால் மீட்டரில் விடை வரும். கெழு 0.7 என்று வைத்தால் 4 நாட் வேகத்தில் 22 செ.மீ. அமுங்கும். 8 நாட் என்றால் 90 செ.மீ. வேகம் இரண்டு மடங்கு, அமுக்கம் நான்கு மடங்கு. கஷ்டப்பட்டுத் தேக்கிய நீரை அவசரம் விழுங்கிவிடும். அதனால்தான் கப்பல் சைக்கிளை மெதுவாக மிதிக்கும் வேகத்தில் போகிறது.

இனி தாங்கள் தவறாக எழுதிய இடத்துக்கு வருகிறோம். ஏன் பின்னோக்கி? இந்தக் கப்பல்களில் உந்துசக்தி பின்பக்கத்தில் இருக்கிறது. ‘அசிபாட்’ பொருத்திய கப்பல்களில், அடியில் தொங்கும் கூட்டுக்குள் மின்மோட்டார், அதன் நுனியில் விசிறி, கூடு முழுவதும் 360 டிகிரி சுழலும். அதைப் பின்னாலிருந்து தள்ளவிட்டால், முன்னே 300 மீட்டருக்கு அப்பால் இருக்கும் மூக்கு கரையை நோக்கி ஒதுங்கும்போது திருத்துவது கடினம். பின்பக்கத்தை முன்னே விட்டால் அதே விசிறி கப்பலைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். மாட்டைக் கட்டி வண்டியை இழுக்க வைப்பதற்கும், பின்னால் நின்று வண்டியைத் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடுதான். கடலோரத்தார் அணியம் என்று சொல்லும் முன்பகுதியில் பக்கவாட்டு விசிறிகள் வேறு உண்டு. வாலாக வரும் அந்த முனையை அவை இடமும் வலமும் நகர்த்திக் கொடுக்கும்.

படத்தில் தெரிந்த இரண்டு இழுவைப் படகுகள், முனைக்கு ஒன்றாகத் துணைக்குப் போகின்றன. குமாரசாமிப்பேட்டை தைப்பூசத் தேரைப் பார்த்தவர்களுக்குச் சொன்னால் புரியும்: வடம் பிடிக்கிறவர்கள் இழுத்தாலும், திருப்பத்தில் தேரை வழிக்குக் கொண்டுவருவது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்தான். அந்தப் படகுகளின் வேலை அப்படிப்பட்டது. கப்பல் சொந்த இயந்திரத்தில் நகர்கிறது. படகுகள் கயிற்றை விறைப்பாக வைத்துக்கொண்டு முனைகளைத் திருத்துகின்றன, தேவைப்பட்டால் தடுத்து நிறுத்துகின்றன.

வளைவில் அகலக் கணக்கே மாறிவிடும். காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லர் தொப்பூர் கணவாயில் திரும்பும்போது சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். 330 மீட்டர் கப்பல் 1 கி.மீ. ஆரமுள்ள வளைவில் இருந்தால், வளைந்த பாதைக்கும் நேரான கப்பலுக்கும் இடையே நடுவில் ஏறக்குறைய 14 மீட்டர் இடைவெளி விழும். கப்பலின் சொந்த அகலத்தோடு அதையும் சேர்த்தால் ஆற்றில் 56 மீட்டர் அகலம் வேண்டும். வழியில் வீனர், லியர் ஊர்களில் பாலங்கள் வேறு. லியர் அருகேயுள்ள யான் பெர்க்ஹவுஸ் தூக்குப்பாலத்தின் வழி அகலத்தைக் கப்பல்களுக்காகவே 56 மீட்டராக்கினார்கள். 42 மீட்டர் கப்பலுக்குப் பக்கத்துக்கு 7 மீட்டர்தான் மிச்சம். வீனரில் இருந்த ஃப்ரீசன் ரயில் பாலத்தில், பெரிய கப்பல் வரும் ஒவ்வொரு முறையும் மிதக்கும் கிரேன் கொண்டு நடுப்பகுதியைத் தூக்கி எடுத்து, பிறகு மாட்டுவார்கள். அந்தப் பாலத்தை இடித்தது இந்தப் பெரிய கப்பல்களில் ஒன்றல்ல. 2015 டிசம்பர் 3-ம் தேதி ‘எம்ஸ்மூன்’ என்ற சாதாரணச் சரக்குக் கப்பல், மூடியிருந்த பாலத்தில் மோதியது. லியருக்கும் நெதர்லாந்தின் குரோனிங்கனுக்கும் இடையிலான ரயில் பல ஆண்டுகள் ஓடவில்லை.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பயணத்தைத் தள்ளிவைக்கக் காரணமாவது பெரும்பாலும் காற்றுதான். நீருக்கு மேலே 330 மீட்டர் நீளம், சராசரி 40 மீட்டர் உயரம் என்றால் 13,200 சதுர மீட்டர் சுவர். மணிக்கு 36 கி.மீ. காற்று அதன் பக்கவாட்டில் அடித்தால் ஏறக்குறைய 84 டன் தள்ளும். 54 கி.மீ. ஆனால் 190 டன்னை நெருங்கும். பாலத்தில் 7 மீட்டர் இடைவெளியோடு நிற்கும் கப்பலுக்கு இது விளையாட்டல்ல. காற்று நிற்கும்வரை காத்திருக்கலாம் என்றால், ஓதம் காத்திருக்காது. கதவுகளை எத்தனை மணி நேரம் மூடி வைக்கலாம் என்பதற்கும் சட்ட வரம்பு உண்டு. கப்பலை நகர்த்தும் மாலுமிகளும் ஆற்று வழிகாட்டிகளான பைலட்டுகளும் முன்கூட்டியே சிமுலேட்டரில் அதே ஆறு, அதே கப்பல், பலவிதக் காற்று என்று வைத்துப் பழகுவது இதற்காகத்தான்.

கண்ணில் படாத எதிரி சேறு. எம்ஸின் அடியில் கெட்டித் தரை என்று ஒன்று சட்டென்று தொடங்குவதில்லை. கூழ் போன்ற வண்டல் அடுக்கு இருக்கிறது. ஆழம் பார்க்கும் எதிரொலிக் கருவி 200 கிலோஹெர்ட்ஸில் ஒலித்தால் கூழின் மேல்பரப்பைத் தரையென்று காட்டும். 30 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலித்தால் கூழைத் துளைத்துக் கீழுள்ள கெட்டித் தரையைக் காட்டும். எதை நம்புவது என்பதற்குக் கூழின் அடர்த்தியையும் அளக்க வேண்டும். இன்னொரு ஆபத்து இயந்திர அறையில் இருக்கிறது. ஜெனரேட்டர்களைக் குளிர்விக்கும் நீரைக் கப்பலின் அடிப்பக்கத்திலுள்ள ‘சீ செஸ்ட்’ என்ற நீரெடுக்கும் அறை வழியாக எடுக்கிறார்கள். அடிமட்டம் சேற்றுக்கு நெருக்கமாக இருந்தால் வடிகட்டிகள் அடைத்துக்கொள்ளும், ஜெனரேட்டர் சூடேறி நின்றுவிடும். அசிபாட் மின்சாரத்தில் ஓடுவதால் மின்சாரம் போனால் கப்பலுக்குப் பிடிமானமே இல்லை. அதனால் வடிகட்டி அருகில் ஆட்களை நிறுத்தி, ஒன்றைக் கழுவும்போது மற்றொன்று ஓடும்படி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசியில் காண்டர்ஸம். கதவுக்கு வெளியே ஓதம் ஏறி உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமாகும் வரை கப்பல் காத்திருக்கும். மட்டம் சமமானபின் கதவு திறக்கிறது. 60 மீட்டர் திறப்பில் பக்கத்துக்கு 9 மீட்டர் விட்டு வெளியேறி, நெதர்லாந்தின் ஈம்ஸ்ஹாவன் துறைமுகம் போகிறது. பிறகு வடகடலில் சோதனை ஓட்டம்.

இந்தத் திறமை மெச்சத்தக்கது. அதற்கு ஆறு கொடுக்கும் விலையையும் சேர்த்து எழுதுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். ஆழப்படுத்தி நேராக்கிய ஆற்றில் ஏறும் ஓதம் இறங்கும் ஓதத்தைவிட வேகம் கொள்கிறது. வரும்போது கொண்டுவரும் வண்டலைத் திரும்ப எடுத்துப் போவதில்லை. கோடையில் கீழ் எம்ஸின் நீண்ட பகுதியில் மீன் வாழும் அளவுக்கு ஆக்ஸிஜன் இருப்பதில்லை. நீரைத் தேக்கினால் உப்பு மேலேறும், கரையோரப் பறவைக் கூடுகள் மூழ்கும். அதனால் முட்டையிடும் பருவத்தில் தேக்குவதற்குக் கட்டுப்பாடு உண்டு. 2015-ல் அரசும் கப்பல் தளமும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் ‘மாஸ்டர்பிளான் எம்ஸ் 2050’ என்ற உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதே கதவணையின் கதவுகளை இயக்கி, ஏறும் ஓதத்தை அடக்கி, வண்டலைக் குறைப்பது அதிலுள்ள ஒரு வழி. அந்தத் தளம் 2024-ல் பண நெருக்கடியில் சிக்கியபோது ஜெர்மன் அரசும் கீழ் சாக்சனி மாநில அரசும் ஏறக்குறைய 80 சதவீதப் பங்கை வாங்கிக் காப்பாற்றின. பல்லாயிரம் பேரின் வேலை ஒரு பக்கம், ஆற்றின் உயிர் மறுபக்கம். காவிரிக்கும் தென்பெண்ணைக்கும் கரையில் வாழும் வாசகர்களுக்கு அந்த வழக்கை யாரும் பொழிப்புரை சொல்லி விளக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை அந்த ஆற்றில் கப்பல் இறங்கும் படத்தை வெளியிடும்போது, கப்பலின் மிதப்பாழம், தேக்கிய நீர்மட்டம், கதவு மூடியிருந்த மணி நேரம் ஆகிய மூன்று எண்களையும் படத்தின் கீழே சேர்த்துப் போடுங்கள். முந்தைய வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
கப்பல் பொறியியல் துறையினர் சிலர்,
கிருஷ்ணகிரி.