அந்த ஓடைக்கு இன்னும் நான்கு இரவுகள்

அன்புள்ள முரளி,

நேற்றுதான் காட்டிலிருந்து இறங்கினேன். உன் கடிதம் காத்திருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது பெரிய நிம்மதி.

ராத்திரியில் ஓடையோரம் அப்படி என்னதான் தேடுகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். தவளைகளையும் ஊர்வனவற்றையும்தான். இருட்டியதும் இரண்டு பேராக நூறு மீட்டர் தூரத்தை ஒரு மணி நேரம் நடக்கிறோம். பகலில் கண்ணில் படாத ஓணான், குச்சி நுனியில் தூங்கும்போது டார்ச் வெளிச்சத்தில் வெளுத்துத் தெரியும். தவளைகளில் பாதியைக் காதால்தான் கண்டுபிடிக்கிறோம். பகலில் சருகை விலக்கி, மட்கிய மரத்தைப் புரட்டி, பார்த்த பிறகு இருந்தபடியே வைத்துவிடுவோம். அப்படி ஒரு மரத்தடியில் சிசிலியன் கிடைத்தது! கூட வந்த பையன் மண்புழு என்றே நினைத்தான். வாயைத் திறந்து பல்லைக் காட்டியதும்தான் நம்பினான். தவளைக்கு உறவு, கால் மட்டும் இல்லை.

மேல் ஓடையில்தான் மனசு நிற்கிறது. மூன்று இரவும் ஒரு தவளைக் குரல்கூட இல்லை. பையன் தாளில் 'இல்லை' என்று எழுதப் போனான். 'தென்படவில்லை' என்று எழுதச் சொன்னேன். நேரம், ஈரப்பதம், தேடிய ஆட்கள் எல்லாவற்றையும் பக்கத்திலேயே குறிக்க வைத்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளை ஆண்டில் சில நாள்தான் மண்ணுக்கு மேலே வரும். அறிவியல் அதற்குப் பெயர் வைத்ததே 2003-இல்தான். கோஸ்டாரிகாவின் பொன்தேரையைக் கடைசியாகப் பார்த்தது 1989-இல். அற்றுப்போனது என்று அறிவிக்க 2004 வரை காத்திருந்தார்கள். மூன்று இரவில் முடிவு சொல்ல நான் யார்?

ஆனால் பயமும் இருக்கிறது, முரளி. உலகில் இருவாழ்விகளில் நூற்றுக்கு 41, ஊர்வனவற்றில் 21 அழியும் ஆபத்தில் உள்ளன. தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை நம் பூட்ஸ் சேற்றிலேயே ஓடைக்கு ஓடை போய்விடும். அதனால் ஒவ்வோர் ஓடைக்கும் முன்னால் பூட்ஸைத் தேய்த்து, ப்ளீச்சில் நனைத்து, காயவைக்கிறோம். ஒரு தவளைக்கு ஒரு கையுறை. சலிப்பான வேலைதான், ஒருநாளும் விடுவதில்லை.

முதல் மழைக்குப் பிறகு அந்த ஓடைக்கு மட்டும் இன்னும் நான்கு இரவுகள் கேட்டிருக்கிறேன். ஓர் ஆள் குறைகிறது. உன் காது என்னுடையதைவிட நல்ல காது. வருவதானால் எழுது, பூட்ஸை நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கொண்டு வா.

அன்புடன்,
செல்வம்