வால்வு லீக் உள்ளவரிடம் ‘பம்பிங் நார்மல்’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

தமிழகத்து இதயநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, வணக்கம்.

எக்கோ (இதய ஸ்கேன்) அறையில் வேலை பார்ப்பவன் எழுதுகிறேன். உங்களுக்குப் பாடம் எடுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ரிப்போர்ட் உங்கள் மேசைக்கு வருமுன் அந்த இதயத்தைப் பார்ப்பவர்கள் நாங்கள். நெஞ்சில் தடவிய ஜெல்லைத் துடைத்துக்கொண்டே நோயாளிகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பம்பிங் எவ்வளவு சார்?” டாக்டர் சொல்வார் என்று அனுப்பிவிடுவோம். நீங்கள் ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் பார்த்துவிட்டு, “லீக் இருக்கு, ஆனா பம்பிங் நார்மல், பயப்படாதீங்க” என்கிறீர்கள். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வில் லீக் அதிகமாக உள்ளவரிடம் அதோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். நோயாளிகளும் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். இடது கீழறையில் 160 மி.லி. ரத்தம் நிறைகிறது, சுருங்கி முடித்ததும் 60 மி.லி. மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மி.லி. வெளியேறியிருக்கிறது, பம்பிங் என்று நாம் சொல்லும் ஈ.எஃப்., அதாவது நிறைந்த ரத்தத்தில் வெளியேறிய பங்கு, 62 சதவீதத்துக்கு மேல் வரும். பார்க்க அழகான எண். ஆனால் அந்த நூறில் 50 மி.லி. வால்வு வழியாக மேலறைக்கே திரும்பிப் போயிருந்தால் உடம்புக்குப் போனது பாதிதான். மேலறையில் அழுத்தம் குறைவு, அந்தப் பக்கம் தள்ளுவது தசைக்குச் சுலபம். பைப் உடைந்த மோட்டாரும் நன்றாகத்தான் ஓடும், தொட்டிதான் நிறையாது. அதனால்தான் அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டி நெறிகள் இரண்டுமே, லீக் கடுமையாக இருந்தால் ஈ.எஃப். 60 சதவீதத்துக்கு வந்ததுமே, அறிகுறி இல்லாவிட்டாலும், அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கச் சொல்கின்றன. மற்றவர்களுக்கு 60 நல்ல எண். இவர்களுக்கு அது எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கைக்கும் முன்னால் நடப்பது ஒன்று உண்டு. கூடுதல் ரத்தத்தைச் சுமந்து சுமந்து தசை இழுபடுகிறது. சில செல்கள் செத்துப்போய் அந்த இடத்தில் நார்த்திசு படிகிறது, அதாவது தழும்பு விழுகிறது. வால்வு இதழ் மேலறைப் பக்கம் பிதுங்கும் புரொலாப்ஸ் நோயாளிகளிடம் இது இன்னும் வெளிப்படை. இதழ் பிதுங்கும்போதெல்லாம் அதைப் பிடித்திருக்கும் நாண்கள் வழியாக, அவற்றின் மறுமுனை இருக்கும் பாப்பில்லரி தசையும் சேர்ந்து இழுபடுகிறது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை. தழும்பும் பெரும்பாலும் அங்கேயும், பின் இதழுக்கு அடியில் இருக்கும் சுவரிலும்தான் விழுகிறது.

இத்தாலியின் பாதுவா நகர ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கட்டுரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். திடீர் இதய மரணம் அடைந்த, 40 வயதைத் தாண்டாத 650 பேரின் இதயங்களில் 43இல் மைட்ரல் புரொலாப்ஸ் காணப்பட்டது. அந்த இதயங்கள் எல்லாவற்றிலும் பாப்பில்லரி தசையருகே தழும்பு இருந்தது. 2018இல் அமெரிக்காவின் ஹூஸ்டனிலிருந்து வந்த ஆய்வு உயிரோடு இருப்பவர்களை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தது. வால்விலேயே கோளாறு உள்ள லீக் நோயாளிகளில், புரொலாப்ஸ் இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தழும்பு தெரிந்தது. புரொலாப்ஸ் இல்லாதவர்களில் பதினைந்தில் ஒருவருக்குத்தான்.

இதைப் படிக்கும் நோயாளிகள் பதற வேண்டாம். புரொலாப்ஸ் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்நாளைக் கழிப்பவர்கள். என் கவலை அந்தச் சிறுபான்மையைப் பற்றித்தான்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்துக்கு முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் வந்தார். படபடப்பு, இரண்டு முறை மயக்கம். எக்கோவில் இரண்டு இதழும் தடித்துப் பிதுங்கியிருந்தன, லீக் நடுத்தரம், ஈ.எஃப். 64. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே மானிட்டரில் கீழறையிலிருந்து கிளம்பும் அகலமான எக்ஸ்ட்ரா பீட்டுகள் ஓடின, ரிப்போர்ட்டிலும் குறித்தேன். “பம்பிங் நார்மல், டென்ஷனைக் குறைச்சுக்கோங்கம்மா” என்று மாத்திரை எழுதி அனுப்பினார்கள். நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவிகூட மாட்டவில்லை. அப்புறம் அவர் அங்கே வரவேயில்லை. படபடப்பு என்று ஒரு பெண் சொன்னாலே டென்ஷன் என்று எழுதுவதை எப்போதுதான் விடப்போகிறோம்?

தழும்பை எக்கோவில் நேராகப் பார்க்க முடியாது. இதய எம்.ஆர்.ஐ. வேண்டும். கேடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்திப் பத்து நிமிடம்போலக் காத்திருந்து படம் எடுத்தால் நல்ல தசை கறுப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் தெரியும். லீக்கின் அளவையும் கூடவே கணக்கிட்டுவிடலாம். எல்லா லீக் நோயாளிக்கும் இதை எழுதச் சொல்லவில்லை. செலவு இருக்கிறது, சிறுநீரகம் மோசமானவர்களுக்கு மருந்தில் கவனம் வேண்டும். எம்.ஆர்.ஐ. மெஷின் இப்போது பல ஊர்களில் இருக்கிறது. இதயத்தை அதில் எடுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. ஆனால் புரொலாப்ஸோடு மயக்கமோ, அடிக்கடி எக்ஸ்ட்ரா பீட்டோ, ஈ.சி.ஜி.யில் இதயத்தின் கீழ்ப்பக்கத்தைக் காட்டும் லீடுகளில் டி அலை தலைகீழாக இருப்பதோ தெரிந்தால், ஹோல்டரும் எம்.ஆர்.ஐ.யும் கேட்பது அதிகப்படியா?

தழும்பு மட்டுமே இருந்தால் அறுவை செய்யலாம் என்று வழிகாட்டி நெறிகள் இன்னும் சொல்லவில்லை, தெரியும். நம் ஊரில் லீக் என்றால் ருமாட்டிக் காய்ச்சலில் வந்ததும் நிறைய. அந்த வால்வின் கதை வேறு, மேலே சொன்ன எண்களை அதற்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஒருமுறை கெட்டித்துப்போன தழும்பு, வால்வைச் சரிசெய்த பிறகும் போவதில்லை. காத்திருப்பது என்று முடிவெடுத்தால் தேதி சொல்லிக் காத்திருக்கட்டும்: லீக் கடுமை என்றால் ஆறு மாதம், நடுத்தரம் என்றால் ஓரிரு வருடம். ‘தொந்தரவு வந்தா வாங்க’ என்பது தேதி ஆகாது.

கடைசியாக எங்கள் அறை சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். சுருங்கி முடித்த நிலையில் இடது கீழறையின் குறுக்களவு 40 மி.மீ. வந்துவிட்டால் அறுவை என்பது எல்லோருக்கும் மனப்பாடம். உடற்பரப்பில் (உயரம், எடையிலிருந்து கணக்கிடுவது) சதுர மீட்டருக்கு 20 மி.மீ. என்றும் ஐரோப்பிய நெறிகள் சொல்கின்றன. 1.5 சதுர மீட்டர் உடற்பரப்புள்ள ஒல்லியான பெண்ணுக்கு அது 30 மி.மீ.தான். அவருக்கு 40 வரும்வரை காத்திருந்தால் வண்டி எப்போதோ போயிருக்கும். நீங்கள் அனுப்பும் சீட்டில் ‘மைட்ரல் லீக், ஈ.எஃப். பார்க்கவும்’ என்று மட்டும்தான் இருக்கிறது. உயரம், எடை, போன முறை எடுத்த குறுக்களவு, இந்த மூன்றையும் சேர்த்து எழுதி, பழைய ரிப்போர்ட்டையும் கொடுத்தனுப்புங்கள். உடற்பரப்பால் வகுத்து, ஒப்பிட்டு, முதல் வரியிலேயே போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
எக்கோ டெக்னீஷியன் ஒருவன்