அன்னதானக் கூடத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் கட்டடக் குழுவின் வணக்கம்.

அன்னதானக் கூடமும் சமையற்கட்டும் முடிந்து, தை முதல் பந்தி நடக்கிறது. வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது. நீங்கள் வழியில் நிறுத்திக் கேட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

முதலில் வந்த வரைபடத்தில் மேற்குப் பார்த்த முகப்பு முழுக்கக் கண்ணாடி. கை கழுவ இடமில்லை. திருப்பி அனுப்பினோம். அடுத்து வந்த கட்டடக்கலைஞர்கள் வரைபடமே கொண்டுவரவில்லை. மூன்று சனிக்கிழமை பந்தியில் சாப்பிட்டு, இலை எடுத்து, யார் எங்கே நெரிசலில் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குத்தான் வருகிறார்கள் என்று குழுவிலேயே பேச்சு இருந்தது.

சுவர், கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதால், 9 அங்குலச் சுவருக்குள் 3 அங்குலம் வெற்றிடம் கிடைக்கும். செங்கல் ஏறத்தாழக் கால் பங்கு மிச்சம். வெயிலின் சூடும் சட்டென்று உள்ளே இறங்காது. நம் கொத்தனாருக்கு மனசு ஒப்பவில்லை. முதல் இரண்டு நாள் பொந்துகளையெல்லாம் கலவை போட்டு அடைத்துவிட்டார். கேட்டால், “எலிப்பொறின்னு பேரு, எலி குடியிருக்க இடமும் நீங்களே விடுறீங்க” என்றார். அவரையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போனோம். பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் பூசாத செங்கல் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்தபின் பொந்தை அடைக்கவில்லை. அந்த ரயில் செலவும் கணக்கில் இருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் கூட்டத்தில் கேட்கலாம்.

கூரைத் தளத்தில் பதிந்திருப்பவை நீங்கள் கொடுத்த பழைய மங்களூர் ஓடுகள். தளத்தின் அடிப்பாகத்தில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலையில்லை. அதனால் கம்பிகளுக்கு நடுவே ஓடுகளை வைத்துக் கான்கிரீட்டைக் குறைத்தோம். காய்ந்த ஓடு கலவையின் நீரை உறிஞ்சிவிடும் என்பதால், முந்தின நாள் அவற்றைத் தொட்டியில் ஊறப்போட்டது பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

சாய்தளம் ஏன் இத்தனை நீளம் என்று பலர் கேட்டீர்கள். ஓர் அடி ஏற 12 அடி வேண்டும். நம் திண்ணை ஒன்றரை அடி, ஆக 18 அடி. பைக் நிறுத்தும் இடம் போனது உண்மைதான். சக்கர நாற்காலிக்காரரை நாலு பேர் தூக்கி இறக்கியதும் உண்மைதான்.

ஒரு தவறு எங்களுடையது. பாத்திரம் துலக்கும் இடம் கிணற்றுப் பக்கம் வேண்டும் என்று சமைக்கும் பெண்கள் ஆரம்பத்திலேயே சொன்னார்கள். குழாய்ச் செலவு கூடும் என்று பின்பக்கம் வைத்தோம். முதல் பந்தியிலேயே கழுவிய தண்ணீர் பரிமாறும் வழியில் ஓடியது. இடித்து, அவர்கள் சொன்ன இடத்திலேயே மறுபடி கட்டினோம். அந்த வீண்செலவு கணக்கில் தனி வரியாக இருக்கிறது.

சாய்தளத்தின் ஒரு பக்கக் கைப்பிடி மட்டும் பாக்கி. குழாய் வாங்கியாகிவிட்டது, வெல்டர் வரவேண்டும்.

இப்படிக்கு,
கட்டடக் குழு