நந்தினி அழுதது யாருக்காக

பெங்களூர், அல்சூர்
ஞாயிறு காலை

அன்புள்ள சரோஜா,

உன் கடிதமும், கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடர்ந்து நீ இணையத்தில் வாராவாரம் எழுதும் கதையின் பதினேழாவது எபிக்கு (எபிசோடுக்கு) வாசகர்கள் எழுதியதையெல்லாம் நீ கட்டாகத் தொகுத்து அனுப்பியதும் வந்தன. மாட்டுங்காவில் மழை விட்டதா? இங்கே ஏரிக்கரை முழுக்கச் சேறு. நாள் விட்டு நாள் குழாயில் காவிரி வருகிறது. பொன்னி நதிக் கதையைப் பற்றி எழுதுகிறவளுக்கு அது போதாதா!

நந்தினி சோழ இளவரசி குந்தவையின் காலடியில் விழுந்து அழுததற்கு இத்தனை பேர் சண்டைக்கு வருவார்கள் என்று நீ நினைக்கவில்லை என்கிறாய். முதலில் அந்தக் கட்டைப் பிரித்துப் பார். மொத்தம் 43. அதில் 19 ‘சூப்பர் சிஸ்’, ‘அடுத்த யூடி (அப்டேட்) எப்போ’ ரகம். சந்தோஷப்பட்டுக்கொள், ஆனால் அதில் உனக்கு வேலை எதுவும் இல்லை. ஒன்பது பேர் படகோட்டிப் பெண் பூங்குழலிக்கும், பின்னாளில் ராஜராஜனாகும் அருள்மொழிக்கும் முடிச்சுப் போடச் சொல்கிறவர்கள். மிச்சம் 15 தான் நந்தினி வழக்கு. அந்தப் பதினைந்திலும் ‘எங்க நந்தினி இப்படிப் பண்ண மாட்டா’ என்று மட்டும் எழுதியவர்களைத் தள்ளி வை. எந்த வரியில் நெருடியது என்று சொன்னவர்கள் ஆறு பேர். ஆறில் நான்கு பேர் ஒரே வரியைத்தான் காட்டியிருக்கிறார்கள். ஒருவரையொருவர் அறியாத நான்கு பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் அங்கே கல் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அந்த வரி இது: “அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள்.”

மன்னிப்பு கேட்டதில் தப்பில்லை. ‘அக்கா’தான் தப்பு. குந்தவையை அக்கா என்று கூப்பிட அருள்மொழிக்கு உரிமை உண்டு. இளைய பிராட்டியான அந்தக் குந்தவையோடு அவ்வளவு பகை வளர்த்த பழுவூர் இளைய ராணி நந்தினி ஒரே மூச்சில் அந்த உறவுக்குள் நுழைந்தால், படிக்கிறவளுக்கு நந்தினி போய்விட்டு டிவி சீரியல் மருமகள் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அடுத்தது, அந்த வரிக்குப் பிறகு பதினோரு வாக்கியங்களில் தன் துக்கத்தைச் சொல்கிறாள். மூலக்கதையில் நந்தினி நீளமாகப் பேசும்போதெல்லாம் எதிரில் இருப்பவரை ஏதோ ஒன்றுக்கு இழுக்கிறாள். தன் கணவர் பெரிய பழுவேட்டரையரிடம் பேசுவதைத் திரும்பப் படி. அறுபத்து நான்கு விழுப்புண் பட்ட கிழவர் அந்தப் பேச்சில்தான் கரைகிறார். அதனால் அவள் அதிகம் பேசினால் தேர்ந்த வாசகி உருக மாட்டாள், சந்தேகப்படுவாள். நீ உருக வைக்கப் பார்த்தாய், அவர்கள் சதி எங்கே என்று தேடினார்கள். கடைசிவரை சதி வரவில்லை. கோபம் அதனால்தான். அவள் அழுததற்காக இல்லை.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. பத்தாவது எபியில் அவள் இன்னும் பழிவாங்கத் துடிக்கிறாள், பதினேழில் அழுகிறாள். நடுவில் ஆறு எபி. அவளுக்குள் எது மாறியது என்று எதிலும் ஒரு பத்திகூட இல்லை. உன் சொந்தக் கதாபாத்திரமாக இருந்தால் ‘போகட்டும், பிறகு சொல்வாள்’ என்று பொறுத்திருப்பார்கள். இவள் உன் கைக்கு வருவதற்கு முன்பே அவர்கள் வீட்டுப் பெண்ணாயிற்றே.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். பதினேழைத் திருத்தி மறுபடி போடட்டுமா என்கிறாய். வேண்டாம் சரோ. படித்தவர்கள் மனசிலிருந்து அந்த அழுகையை எடுக்க முடியாது. இரண்டு வடிவம் உலவும், பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் மற்றதையும் வைத்துப் பேசுவார்கள்.

டிக்கன்ஸ் இதே சிக்கலில் மாட்டியிருக்கிறார். ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ 1849, 1850இல் மாதா மாதம் வந்தது. அதில் மிஸ் மௌச்சர் என்று உயரம் குறைந்த ஒரு பெண்ணை, கொஞ்சம் கேலியாகவும் சந்தேகப்படும்படியாகவும் கொண்டுவந்தார். அவர் வீட்டருகே இருந்த, அதே போன்ற உடல்வாகுள்ள ஒரு பெண்மணி ‘இது என்னை வைத்து எழுதியது’ என்று மனம் நொந்து கடிதம் எழுதினார். வந்து போன அத்தியாயத்தை டிக்கன்ஸ் தொடவில்லை. பத்து அத்தியாயம் கழித்து அவளைத் திரும்ப அழைத்து வந்து, கோமாளித்தனம் என் பிழைப்பு, உடம்பில் குறை இருந்தால் மனசிலும் இருக்கும் என்று எண்ணாதே என்று டேவிட்டிடம் அவளையே சொல்ல வைத்தார். பழைய நடத்தை அப்படியே நிற்க, அதற்குக் காரணம் மட்டும் பின்னால் வந்து சேர்ந்தது. ஆனால் கவனித்துப் படித்தால் ஒட்டுப்போட்ட இடம் தெரியும். முதலில் வந்தவளும் பின்னால் வந்தவளும் முழுதாக ஒருத்தி ஆவதில்லை. திரும்பியவளை எழுதிய அளவுக்குத் திருப்பத்தை அவர் எழுதவில்லை என்பது என் கணிப்பு. உனக்கு அது நேரக்கூடாது.

உனக்கு நான் சொல்லும் வழி இதுதான். வாசகியின் சந்தேகத்தை எடுத்துக் குந்தவையின் வாயில் போடு. குந்தவை யார்? ராஜ்யத்தின் கண்ணும் காதும் அவள்தான். இந்த அழுகையை அவள் மட்டும் நம்பிவிடுவாளா? இருபதாவது எபியில் இப்படி ஒரு இடம் வரட்டும். உன் நடையில் மாற்றிக்கொள்:

“அன்றைக்கு என் காலடியில் அழுதாயே, யார் காதில் விழ வேண்டும் என்று அழுதாய்?”

நந்தினி விளக்கின் திரியைத் தூண்டினாள். “தங்கள் காதில் விழுந்ததல்லவா, இளைய பிராட்டி? அது போதும்.”

இதில் அவள் மனம் மாறினாளா இல்லையா என்று எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த ‘அக்கா’ ஒரு வேஷமாக இருந்திருக்கலாம் என்று ஆகிவிடுகிறது, பதினோரு வாக்கியமும் கருவியாக இருந்திருக்கலாம் என்று ஆகிவிடுகிறது. சண்டை போட்டவர்கள் எல்லாம் குந்தவை பக்கம் போய் நின்றுகொள்வார்கள். அதன்பிறகு உண்மையிலேயே அவளை மாற்ற வேண்டுமென்றால் இருபத்தொன்றிலிருந்து சின்னச் சின்னதாக ஆரம்பி. பேச்சைக் குறை. ஒரு காரியத்தை யாருக்கும் தெரியாமல் செய்யட்டும், அதை வாசகி மட்டும் பார்க்கட்டும்.

பேச்சைச் சோதிக்க ஒரு வழி. உரையாடலில் பேசுகிறவர் பெயர்களை விரலால் மூடிக்கொண்டு படி. யார் பேசுவது என்று தெரிய வேண்டும். வந்தியத்தேவன் சட்டென்று ஒரு பொய் சொல்லுவான், அதைக் காப்பாற்ற இன்னொன்று. ஆழ்வார்க்கடியான் பாசுரத்தில் ஆரம்பித்து வம்பில் முடிப்பான். உன் பதிமூன்றாவது எபியில் இருவருக்கும் ஒரே குரல். மூடிப் பார்த்தேன், எனக்கே பிடிபடவில்லை. அந்த எபிக்கு ஒருவரும் குறை எழுதவில்லை என்று பெருமைப்படாதே. சைலன்ட் ரீடர்கள் சொல்லாமலே நழுவிவிடுவார்கள்.

வரலாற்றில் இருக்கிறவர்களையும் கல்கி படைத்தவர்களையும் ஒரே தட்டில் வைக்காதே. நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் குந்தவை, அருள்மொழி, வந்தியத்தேவன், செம்பியன் மாதேவி. மறுபக்கம் நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், மணிமேகலை. முதல் பக்கத்தாருக்குக் கடைசித் தீர்ப்பு கல்வெட்டு. குந்தவை வந்தியத்தேவரின் மனைவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்லும்போது, அவளைக் கன்னியாகவே வைத்திருக்கச் சொல்கிற வாசகிக்குப் பதில் எழுதுவது சுலபம். மறுபக்கத்தாருக்குத் தீர்ப்பு கல்கி எழுதிய வரி. அவர் வேண்டுமென்றே மூடாமல் விட்ட இடங்கள் உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை யாருடையது, வீரபாண்டியன் நந்தினிக்கு என்ன உறவு. அங்கெல்லாம் நீயும் மூடாதே. மூடினால் பாதி வாசகர் அன்றே போய்விடுவார்கள்.

பதினான்காவது எபியில் ஒரு பெரியவர் காட்டிய தப்பு நிஜமான தப்பு. நீ 982இல் கதை நடத்துகிறாய், உத்தம சோழர் காலம். கரிகாலன் கொலைச் சதியில் இருந்த ரவிதாசனைப் பிடித்து அவன் சொந்தக்காரர்களின் நிலத்தையெல்லாம் அப்போதே பறிமுதல் செய்து விற்றதாக எழுதிவிட்டாய். உடையார்குடிக் கல்வெட்டு அந்தத் துரோகிகளின் நிலங்களைப் பற்றிப் பேசுவது ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில். அவர் பட்டத்துக்கு வந்ததே 985. நிலம் பற்றிய இரண்டு வரியை எடுத்துவிடு. ரவிதாசன் பிடிபட்டுத் தப்பினான் என்று வைத்துக்கொண்டால் கதைக்கும் நல்லது. இந்த மாதிரித் தகவல் பிழை, பெயர்க் குழப்பம் இவற்றை மட்டும் அன்றைக்கே திருத்தி, அடுத்த எபியின் தலையில் ஒரு வரி போட்டுவிடு. அவர் சுட்டிக்காட்டினார் என்பதையும் சொல்லு. அந்த மனுஷர் இனி ஒவ்வொரு எபியையும் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். உனக்குச் சம்பளமில்லாத பிழைதிருத்துநர்.

யாருக்கு எது எப்போது தெரியும் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள். ஒன்பதாவது எபியில் குந்தவை மட்டும் படித்துவிட்டு எரித்த ஓலையைப் பற்றிப் பன்னிரண்டில் பூங்குழலி பேசுகிறாள்! ஒவ்வொரு எபி முடிந்ததும் ஆளுக்கு ஒரு வரி, ‘புதிதாக அறிந்தது’, ‘மறைப்பது’ என்று இரண்டு கட்டம். ஐந்து நிமிஷ வேலை. வயதுக்கும் ஒரு கட்டம் போடு. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்த வாலிபன் வந்தியத்தேவன் உன் கதையில் முப்பதைத் தாண்டியவன், ஆனாலும் அதே குறும்பு, அதே துள்ளல். சரி, அவன் சுபாவம் என்று விடலாம். ஐந்தாவது எபியில் ‘அந்தப் பழைய குதிரை’யிலேயே இரவோடு இரவாகப் பறக்கிறானே, அதற்கு இப்போது பதினேழு பதினெட்டு வயசு இருக்கும். லாயத்தில் நின்று கொள்ளு தின்னட்டும், பாவம்.

நீ வியாழன் ராத்திரி எழுதி வெள்ளி காலை போடுகிறாய். அதை நிறுத்து. கையில் எப்போதும் நான்கு எபி இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 1,200 லிருந்து 1,500 வார்த்தை. கைவசம் இல்லாவிட்டால் இந்த வெள்ளி வந்த கோபம் அடுத்த வியாழன் பேனாவில் இறங்கிவிடும். ஒரு வாரம் நந்தினி நல்லவள், மறு வாரம் கெட்டவள், அதற்கடுத்த வாரம் பாவப்பட்டவள் என்று ஊசலாடுவாள். நான்கு வாரம் தள்ளிப் போனால் கோபம் ஆறி, அதில் நியாயம் இருந்தால் அது மட்டும் மிஞ்சும். பதில் எழுதுவதையும் ஒரு நாள் கழித்தே வைத்துக்கொள். கதையில் இல்லாத விளக்கத்தைப் பதிலில் கொடுக்காதே. ‘அவள் அழுதது எதனால் என்றால்...’ என்று நீ ஆரம்பித்தால், அந்தக் காரணம் ஒரு வாசகியின் கைக்கு மட்டும் போகிறது, கதைக்கு வராமலே போகிறது. ‘பத்தாவது எபியின் கடைசிப் பத்தியை ஒருமுறை பாருங்கள்’ என்று எழுதலாம். காட்டுவதற்கு அப்படி ஒரு பத்தி இல்லை என்றால் பிழை உன்னுடையது.

கல்கியும் 1950லிருந்து 1954 வரை வாராவாரம் எழுதி முடித்த பிறகுதான் முடிவுரையில் வாசகர் கேள்விகளை எடுத்துக்கொண்டார். அவருக்காவது முடியும்வரை கதை அவர் கையில் இருந்தது. உனக்கு முதல் வரியிலிருந்தே கூட்டு வியாபாரம்.

பூங்குழலி ஜோடிக் கட்சிக்கு அதிகம் மெனக்கெடாதே. அவள் இப்போது சேந்தன் அமுதனின், அதாவது உத்தம சோழரின் ராணி. கோடிக்கரையில் அருள்மொழியும் அவளும் தூரத்தில் நின்று படகைப் பார்ப்பதாக அரைப் பக்கம் கொடு, போதும். ஆனால் ஒன்று. ‘சேந்தன் அமுதன் எப்படி ராஜா ஆனான்?’ என்று கேட்கிற மூவரும் 2022, 2023இல் வந்த படத்தை மட்டும் பார்த்தவர்கள். அதில் மதுராந்தகனே முடிசூடுகிறான், மணிமேகலை கிடையவே கிடையாது. இது புத்தகத்தின் வழி வந்த கதை என்று முதல் எபியின் தலையில் இரண்டு வரி சேர்த்துவிடு, பாதிச் சச்சரவு தீரும்.

நீ புதிதாக நுழைத்திருக்கும் அந்த ஈழத்து வைத்தியப் பெண்ணைப் பற்றி வாசகர் யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. நான் திறக்கிறேன். வாள் வீசுகிறாள், ஏழு பாஷை பேசுகிறாள், பார்த்தவரெல்லாம் மயங்குகிறார்கள். இந்த மாதிரிப் பெண்ணுக்கு ஸ்டார் டிரெக் ரசிகர்கள் 1973லேயே ‘மேரி சூ’ என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்துவிட்டார்கள். நான்கு பாஷையைக் குறை. ஒரு வைத்தியமாவது தப்பிப் போகட்டும், அதனால் யாராவது சாகட்டும்.

இருபதாவது எபியின் முதல் பிரதியை புதன்கிழமைக்குள் அனுப்பு. இப்போதைக்குக் குந்தவை, நந்தினி காட்சி மட்டும் போதும்.

உன்
கல்யாணி

பின்குறிப்பு: அட்டைக்கு மணியம் வரைந்த பழைய நந்தினி படத்தைப் போடலாமா என்று கேட்டாயே, போடாதே. கல்கியின் எழுத்து 1999இல் நாட்டுடைமை ஆனது, அதனால்தான் நீ தைரியமாக எழுதுகிறாய். ஓவியம் வேறு ஒருவருடைய சொத்து. உன் பக்கத்து வீட்டுப் பெண் கோலம் நன்றாகப் போடுவாள் என்றாயே, அவளிடம் ஒரு விளக்கும் திரியும் வரைந்து வாங்கிக்கொள்.