பாண்டிக்கு, ஒரு விசா விஷயமாக

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாண்டி,

சௌக்கியம்தானே? இங்கே எல்லாரும் நலம். வீட்டுக்காரிக்கு மூட்டு வலி, எனக்குச் சர்க்கரை, வைகையில் வழக்கம்போல் தண்ணீர் இல்லை. மொட்டை மறுபடியும் கடைப் பெயரை மாற்றிவிட்டான், ஜோசியர் சொன்னாராம். இதையெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். நான் சொல்ல வந்ததைப் போனில் சொன்னால் நீ நடுவே புகுந்து விமானப்படைப் பிரதாபத்தை ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அக்கா மகன் சூடானிலிருந்து வந்தது ஞாபகம் இருக்கிறதா? 2023, சித்திரைத் திருவிழா சமயம். ஏப்ரல் 15 அன்று ராணுவமும் ஆர்எஸ்எஃப் என்கிற துணைப்படையும் தலைநகர் கார்ட்டூமில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. அக்கா திருப்பரங்குன்றத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. 24ஆம் தேதி, நம்மவர்களைக் கப்பலிலும் விமானத்திலும் கூட்டிவர நம் அரசின் ‘ஆபரேஷன் காவேரி’ தொடங்கியது. வைகை என்று பெயர் வைத்திருந்தால் கப்பல் தரைதட்டியிருக்கும் என்றவன் நீதான். அழகர் ஆற்றில் இறங்கிய மே 5ஆம் தேதியே கடைசி விமானமும் வந்து சேர்ந்தது. மொத்தம் 3,862 பேர். விளக்கே இல்லாத வாடி சையிட்னா ஓடுபாதையில் ராத்திரியில் இறங்கி 121 பேரைத் தூக்கி வந்த உங்கள் ஆட்களுக்கு இன்றைக்கும் என் கும்பிடு. போதுமா?

வந்த புதிதில் பையன் சொன்னதெல்லாம் கப்பல் கதைதான். போர்ட் சூடானில் ஏறியது, ஜெட்டாவில் இந்தியப் பள்ளிக்கூடத்தில் படுத்தது, மூக்கு முட்டச் சாப்பிட்டது. கார்ட்டூமிலிருந்து துறைமுகம் வரைக்கும் எப்படிப் போனாய் என்று கேட்டால், “வேனில் போனோம் மாமா” என்பதோடு சரி. நானும் நோண்டவில்லை.

போன வாரம் அவனுக்குக் கெய்ரோவிலிருந்து போன் வந்திருக்கிறது. பேசியது அந்த வேன் டிரைவர். அன்றைக்கு ராத்திரி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பையன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

துறைமுகம் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். டீசல் கள்ள விலை. அதையும் டிரைவர்தான் யார் யாரிடமோ கடன் சொல்லி வாங்கியிருக்கிறான். வழியெல்லாம் சோதனைச் சாவடி. ஒரு சாவடியில், மீசை அரும்பாத ஒரு பையன் துப்பாக்கி முனையால் நம்மவன் கைக்கடிகாரத்தைத் தட்டி, கழற்று என்றிருக்கிறான். அது அத்தான் கட்டியிருந்த பழைய எச்எம்டி. டிரைவர் என்னவோ சிரித்துப் பேசி, தன் கையில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்து வண்டியை எடுத்துவிட்டான். துறைமுகத்தில் நம் அதிகாரி பட்டியலை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் பார்த்துப் பார்த்து டிக் அடித்திருக்கிறார். “இவரையும் ஏற்ற முடியுமா சார்?” என்று பையன் கேட்டிருக்கிறான். அவர் எரிந்து விழவில்லை. “இந்தியரா?” என்று மட்டும் கேட்டார். டிரைவர் மிச்சமிருந்த ரொட்டியைப் பையன் கையில் திணித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அம்மா கார்ட்டூமில் இருந்தாள்.

அந்த அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாண்டி, தன் ஆளைக் கூட்டிவந்தால் கடமை முடிந்தது என்று எல்லா நாடும் நினைக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. அமெரிக்கா ஹெலிகாப்டர் அனுப்பித் தன் தூதரகத்தாரை அள்ளிக்கொண்டு போனது. விசாவுக்காக அங்கே கொடுத்து வைத்திருந்த சூடான்காரர்களின் பாஸ்போர்ட்டுகளைத் தவறான கையில் சிக்கக் கூடாது என்று அழித்துவிட்டே கிளம்பினார்கள். பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவன் எந்த எல்லையைத் தாண்டுவான்? பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் சூடானிய டாக்டர்களையே முதலில் ஏற்ற மறுத்து, கூச்சல் கிளம்பிய பிறகுதான் ஏற்றினார்கள். நாம் மட்டும் யோக்கியமா? 2021இல் காபூல் விழுந்தபோது, ஆப்கானியர்களுக்கு ஏற்கெனவே கொடுத்த விசாக்களை ரத்து செய்தோம். இங்கே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்து, ஊருக்குப் போன பிள்ளைகள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். 1942இல் ஜப்பான்காரனுக்குப் பயந்து ரங்கூனை விட்டு ஓடியபோது வெள்ளைக்காரனுக்குக் கப்பல், நமக்குக் கால்நடைப் பயணம் என்று உன் தாத்தா பல்லைக் கடிப்பாரே, இப்போது புரிகிறது.

மனசு வைத்தால் முடியாததும் இல்லை. 2015இல் ஏமனிலிருந்து நம் ஆட்களோடு 41 நாட்டுக்காரர்கள் 960 பேரையும் நாம்தானே ஏற்றி வந்தோம்? ஆனால் அவர்களுக்கும் கேட்பதற்கு ஒரு நாடு இருந்தது. சொந்த ஊரே எரிகிறவனுக்காக யார் கேட்பது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த டிரைவர் பணம் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறதாம். மதுரையில் கண்ணுக்கு நல்ல வைத்தியம் என்று வேனில் வரும்போது நம்மவன் அளந்திருக்கிறான், அதை நினைவு வைத்துக் கேட்கிறான். இங்கே ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லுங்கள், அழைப்புக் கடிதம் தருகிறோம் என்றார்கள். மருத்துவ விசாவில் நோயாளியோடு துணைக்கு ஆள் வரலாமாம், அந்தக் கணக்கில் அவனும் வந்துவிடுவான். செலவை அக்கா பார்த்துக்கொள்கிறாள். “என் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவன், வளையலை விற்றாவது பார்ப்பேன்” என்கிறாள். அத்தான் அந்தக் கடிகாரத்தை மெருகு போட்டு வைத்திருக்கிறார், அவன் வந்தால் கட்டிவிட வேண்டுமாம்.

சிக்கல் ஒன்றுதான். டிரைவரின் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கக் கெய்ரோவில் சூடான் தூதரகத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறான். அது கைக்கு வந்ததும் நம் தூதரகத்தில் விண்ணப்பம் போட வேண்டும். டெல்லியில் உன் மருமகன் அமைச்சகத்தில்தானே இருக்கிறார்? சிபாரிசு வேண்டாம், அவருக்குச் சங்கடம். போரிலிருந்து தப்பி வேறு நாட்டில் தங்கியிருப்பவர்கள் என்னென்ன காகிதம் வைக்க வேண்டும், நாங்கள் இங்கிருந்து உறுதிக் கடிதம் கொடுத்தால் எடுபடுமா, அதை முத்திரைத்தாளில் எழுத வேண்டுமா, இதை மட்டும் கேட்டு எழுது. வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது. அதற்குள் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் ராசு