மண்வள அட்டையில் ஆர்செனிக்கும் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கங்கைச் சமவெளியின் நிலத்தடி நீரில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் இருப்பதைப் பற்றி எழுதும்போதெல்லாம் நம் பத்திரிகைகள் குடிநீரோடு நிறுத்திக்கொள்கின்றன. அதே தண்ணீர்தான் வயலுக்கும் பாய்கிறது. பயிர் என்ன ஆகிறது என்பதையும் எழுதுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன ஆலையில் மக்காச்சோளக் கொள்முதல் பார்க்கிறேன். பீகாரிலிருந்து சரக்கு ரயிலில் வந்து இறங்கும் மூட்டைகளில் குத்தூசி விட்டு மணியை எடுப்போம். ஈரப்பதம் பார்ப்போம், பூஞ்சை நச்சு பார்ப்போம். விளைந்த மண்ணைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ககரியா, பெகுசராய், சமஸ்திபூர், கட்டிஹார் எல்லாம் மக்காச்சோளத்துக்குப் பேர்போன மாவட்டங்கள். ஆர்செனிக் பாதித்த மாவட்டங்களின் பட்டியலிலும் அவை இருக்கின்றன.

இது ஆலைக் கழிவால் வந்ததல்ல. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலிலேயே இருப்பது. ஆழம் குறைந்த போர்வெல் அதை மேலே இழுக்கிறது. குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். 100 மைக்ரோகிராம் உள்ள தண்ணீரை ஒரு ஹெக்டேருக்கு ஒரு போகத்தில் மொத்தம் அரை மீட்டர் உயரம் பாய்ச்சினால், அது 50 லட்சம் லிட்டர். அதாவது அரை கிலோ ஆர்செனிக். வெள்ளம் கொஞ்சம் அடித்துப் போகலாம், மிச்சமெல்லாம் மேல்மண்ணில் ஏறிக்கொண்டே போகும்.

மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), மண்ணில் ஆர்செனிக் இருக்கும் ஒரு வடிவமான ஆர்செனேட்டும் வேதியியலில் பங்காளிகள். மணிச்சத்து வேருக்குள் நுழையும் வழியிலேயே ஆர்செனேட்டும் நுழைந்துவிடும். முதலில் அடிபடுவது வேர்தான். நீளாமல் குட்டையாகி, பழுப்பேறி, பக்கவேர் குறைந்துபோகும். அப்புறம் தண்டு வளர்ச்சி நிற்கும், இலை வெளுக்கும், கதிரில் மணி குறையும். பார்ப்பதற்கு உரம் போதாத பயிர் மாதிரியே இருக்கும். விவசாயி என்ன செய்வார்? மணிச்சத்து உரமான டிஏபி இன்னொரு மூட்டை வாங்கிப் போடுவார். மண்ணில் இரும்போடு ஒட்டிக் கிடந்த ஆர்செனிக்கை அந்த மணிச்சத்தே பெயர்த்து மண்நீரில் விட்டுவிடவும் கூடும். காசு கொடுத்துக் கேடு வாங்குவது இதுதான்.

முட்டை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. மக்காச்சோளம் உறிஞ்சும் ஆர்செனிக்கில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். மணிக்குப் போவது மிகக் குறைவு. தட்டையிலும் இலையிலும் மணியைவிடக் கூடுதலாக இருக்கும், அது அங்குள்ள மாடுகளுக்குத் தீவனமாகிறது என்பதுதான் எனக்குக் கவலை. தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலில் ஆர்செனிக் எளிதாகக் கரைந்து பயிருக்குப் போகும். காய்ந்த வயலில் இரும்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பகுதியில் கோடை நெல்லைவிட மக்காச்சோளம் நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன். ஆனால் மண்ணில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியாமல் அதை எப்படிச் சொல்வது?

வயல் மண்ணைச் சோதித்து விவசாயிக்கு அரசு தரும் அட்டைதான் 2015-இல் தொடங்கிய மண்வள அட்டை. அதில் 12 விஷயங்களைச் சோதிக்கிறார்கள். தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், போரான், கார அமிலத்தன்மை என்று போகும் அந்தப் பட்டியலில் ஆர்செனிக் இல்லை. பாதித்த மாவட்டங்களிலாவது சேர்க்க வேண்டும். இதற்குச் செலவு கூடுதல், கருவியும் வேறு, சரி. ஆனால் வயல் முழுக்க மண் எடுக்கத் தேவையில்லை. வங்கதேசத்தின் ஃபரித்பூரில் நெல் வயல்களை ஆராய்ந்தபோது, தண்ணீர் நுழையும் பக்கத்து மண்ணில் ஆர்செனிக் கூடுதலாகவும் விளைச்சல் குறைவாகவும் இருந்தது. போர்வெல் தண்ணீரையும், வாய்க்கால் வயலில் விழும் இடத்து மண்ணையும் சோதித்தாலே தொடங்கிவிடலாம். அந்த மக்காச்சோளத்தை வாங்குகிற எங்களைப் போன்ற ஆலைகளும் இதைக் கேட்டுக் குரல் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாமக்கல்